சிறைக்குள் நாடகம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சென்னையில் நாடகம் போடும் ஒரு சின்னக் குழு. சில வருடங்களாகச் சிறைகளுக்குள் போய், சிறைவாசிகளோடு சேர்ந்து நாடகம், பாட்டு, எழுத்து என்று வேலை செய்து வருகிறோம். இதை யாரிடம் சொன்னாலும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், உள்ளே மகன் இருக்கும் அம்மாக்கள் கேட்கிறார்கள். அவரவரிடம் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். உள்ளே சந்தித்தவர்களின் பெயரோ, அது எந்தச் சிறை என்பதோ எங்கேயும் வராது. அது நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு.

தண்டனை அனுபவிக்கத்தானே உள்ளே போகிறார்கள்? அவர்களுக்கு எதற்கு நாடகம்?

கோபமாகக் கேட்கிறவர்கள் உண்டு. வீட்டில் நகை பறிகொடுத்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்டால் அந்தக் கோபத்துக்கு முன்னால் நான் வாதாடப் போவதில்லை.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளியே நடமாடும் சுதந்திரம் பறிபோவதுதான் தண்டனை. அதை நீதிமன்றம் கொடுத்துவிட்டது. அந்த வருடங்கள் எப்படிக் கழிய வேண்டும் என்பது வேறு கேள்வி. உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் ஒருநாள் வெளியே வருவார்கள். வேறெங்கும் போக மாட்டார்கள், நம் தெருவுக்குத்தான் வருவார்கள். போனபோது இருந்ததைவிட முரட்டு ஆளாக வருவதா, நாலு பேரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவராக வருவதா என்பதில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும். துறையின் பெயரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. பெயரின் இரண்டாம் பாதிக்கான வேலை இது.

தமிழுக்கு இந்த யோசனை புதிதும் இல்லை. மணிமேகலையில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. என்ன வேண்டும் கேள் என்கிறான் சோழ மன்னன். சிறையை அறச்சாலையாக மாற்றித் தா என்கிறாள் மணிமேகலை.

ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கும்?

காலையிலேயே வாசலில் நிற்போம். போன், பர்ஸ், சாவி எல்லாம் வெளியே. பதிவேட்டில் கையெழுத்து, உடல் சோதனை, பிறகு பெரிய கதவில் இருக்கும் திட்டிவாசல் வழியாகக் குனிந்து உள்ளே போக வேண்டும். எத்தனை முறை போனாலும் அந்தக் கதவு பின்னால் மூடும் சத்தம் வயிற்றில் ஒரு மாதிரி இறங்கும். எங்களுக்கே அப்படி என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

முதல் இரண்டு வாரம் நாடகப் பேச்சே கிடையாது. விளையாட்டுதான். வட்டமாக நின்று கைதட்டலைக் கைமாற்றுவது, ஒருவர் நடையை இன்னொருவர் நடந்து காட்டுவது இப்படி. அதில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். கூட்டாளி தோளைத் தொட்டு வழி காட்டுவார். வெளியே கல்லூரியில் இதைச் செய்தால் ஐந்து நிமிடத்தில் சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்துவிடும். உள்ளே ஒருவரும் கண்ணை மூட மாட்டார்கள். மூடியது போலப் பாவனை செய்வார்கள், இமை துடித்துக்கொண்டே இருக்கும். அடுத்தவனுக்கு முதுகைக் காட்டாமல் இருப்பதுதான் உள்ளே முதல் பாடம். ஒரு பெரியவர், ஆயுள் தண்டனை, மூன்றாவது வாரம்தான் முழுசாகக் கண்ணை மூடி அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். அவரைக் கூட்டிப்போன பையனுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு பேரும் அதற்கு முன் பேசிக்கொண்டதே இல்லை.

அதற்கப்புறம் கதை, வசனம், ஒத்திகை. சாயங்காலம் ஆள் எண்ணும் நேரத்துக்கு முன்னால் எல்லோரும் அவரவர் பிளாக்குக்குத் திரும்ப வேண்டும் என்பதால் பத்து நிமிடம்கூட வீணாக்க முடியாது. பாரா நிற்கும் காவலர் முதலில் சுவரில் சாய்ந்து நிற்பார். ஒரு மாதம் ஆனதும் அவரே, "அந்த இடத்துல அவன் இன்னும் சத்தமா பேசணும் சார்" என்பார். இது நாங்கள் போன எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது.

ஒத்திகையில்தான் எல்லாமே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் வசனத்தை மறந்தால் திட்டாமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். அது சரியில்லை, மறுபடி செய் என்று சொன்னால் அடிக்கப் போகாமல் மறுபடி செய்ய வேண்டும். வாழ்க்கையில் ஒருவரும் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தராத ஆட்கள்தான் உள்ளே அதிகம்.

எல்லாக் கைதிகளும் சேரலாமா? விசாரணைக் கைதிகள்?

தண்டனைக் கைதிகளோடு வேலை செய்வது சுலபம், ஆட்கள் நிலையாக இருப்பார்கள். ஆனால் சிறைகளில் அதிகம் இருப்பவர்கள் விசாரணைக் கைதிகள். 2022 முடிவில் நாடு முழுவதும் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்பு வராதவர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கும் மேல். சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் குற்றவாளிகள் இல்லை. இவர்களுக்குத் தொழிற்கூட வேலையும் கட்டாயமில்லை, நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான். குண்டர் சட்டத்தில் ஒரு வருடம் வரை உள்ளே இருப்பவர்கள் தனி.

இவர்களை வைத்து நாடகம் போடுவது பெரிய பாடு. செவ்வாய்க்கிழமை கதாநாயகனுக்கு வாய்தா. எஸ்கார்ட் போலீஸ் வந்து கோர்ட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். புதன்கிழமை இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்துவிடும். ஜாமீன் கிடைத்தவர் சந்தோஷமாகப் போக வேண்டியவர், ஆனால் வாசல் வரை போய்விட்டு, "என் பார்ட்டை யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அதனால் ஒவ்வொரு வேடத்தையும் இரண்டு பேருக்குச் சொல்லித் தருகிறோம்.

படிக்கத் தெரியாதவர்கள் வசனத்தை எப்படி மனப்பாடம் செய்கிறார்கள்?

கூட இருப்பவர் படித்துக் காட்டுவார், காதால் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். ராத்திரி லாக்-அப் ஆன பிறகு செல்லுக்குள் இதுதான் வேலை. வசனத்துக்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

என்ன மாதிரி நாடகம்? ஷேக்ஸ்பியரா?

முதல் வருடம் நாங்கள் எழுதிய ஒரு பிரதியைக் கொண்டுபோனோம். நல்ல பிரதிதான், ஆனால் யார் வாயிலும் ஒட்டவில்லை. வாசித்தார்கள், மரியாதைக்காகத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் இடைவேளையில், திருவண்ணாமலைப் பக்கத்து ஆள் ஒருவர் மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார். கர்ண மோட்சம். அவர் அப்பா கூத்தாடி. சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு இவரும் சின்ன வயதில் ஆடப் போயிருக்கிறார். இருபது வருடம் வாயே திறக்காத பாட்டு, கேட்டதும் ஒரு மணி நேரம் நிற்காமல் வந்தது. அதற்குப் பிறகு பிரதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டோம்.

வட தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் கூத்து இருக்கிறது. வட சென்னைப் பையன்களிடம் கானா இருக்கிறது. செத்தவருக்காக ராத்திரி முழுக்கப் பாடும் பாட்டு அது. இழப்பைச் சொல்ல அதைவிடச் சரியான வடிவம் இங்கே இல்லை. வாத்தியம் உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டால் போதும். கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். ராஜாவையும் கேள்வி கேட்பான், பார்ப்பவர்களையும் கேட்பான். அவன் வேலையே அதுதான் என்பதால் யாருக்கும் கோபம் வராது. சிறைக்குள் இந்த வேடத்துக்குத்தான் போட்டி. அதிகாரிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, சாம்பாரில் பருப்பு எங்கே என்று கட்டியங்காரன் கேட்ட நாளில் கூடமே அதிர்ந்தது. கண்காணிப்பாளரும் சிரித்தார். மறுநாள் சாம்பாரை யாரோ போய்ப் பார்த்ததாகக் கேள்வி.

நாடகத்துக்கும் சிறைக்கும் இந்த ஊரில் பழைய உறவு உண்டு. 1837-இல் கட்டிய பழைய மத்திய சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், வால்டாக்ஸ் ரோட்டில் நாடகக் கொட்டகைகள். தேசபக்திப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை சிறைக்குப் போன நாடக நடிகர் விசுவநாத தாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் விட்டார். 2006-இல் பழைய சிறையை மூடி எல்லோரையும் புழலுக்கு மாற்றினார்கள், 2009-இல் கட்டடத்தையும் இடித்தார்கள். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அங்கே ஒரு சிறை இருந்ததே தெரியாது.

அவர்கள் செய்த குற்றத்தையே நடிக்க வைப்பீர்களா?

மாட்டோம். இதில் எங்களுக்குள் இரண்டாவது பேச்சே கிடையாது. வழக்கு நடக்கும்போது ஒருவர் வாயிலிருந்து வரும் வார்த்தை அவருக்கே வினையாகலாம். அதைவிட முக்கியமாக, அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் அதை மேடையேற்ற எங்களுக்கு உரிமை இல்லை. உள்ளே யாரையும் "என்ன கேஸ்?" என்று நாங்கள் கேட்பதும் இல்லை.

ஆனால் குற்றத்துக்கு வெளியே அவர்களுக்கு நிறைய வாழ்க்கை இருக்கிறது. ஒருமுறை 'மனு' காட்சி ஒன்றைச் செய்து பார்த்தோம். சிறையில் இருப்பவரை வீட்டார் வந்து பார்ப்பதற்கு மனு என்றுதான் பெயர். ஒருவர் எப்போதும் தன் மனைவியைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே இருப்பார். லேட்டா வரா, வந்தா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிறா, ஒழுங்கா பேசறதில்ல. சரி, இன்றைக்கு நீங்களே அவராக நடியுங்கள் என்றோம்.

தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். இன்னொரு துண்டைச் சுருட்டிக் குழந்தையாக வைத்துக்கொண்டார். விடிகாலை நாலு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும், ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும். வாங்கி வந்த தின்பண்டத்தில் பாதியைச் சோதனையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் நடித்துக்கொண்டே வந்தவர் வரிசையின் நடுவில் நின்றுவிட்டார். துண்டுக் குழந்தையைப் பார்த்தபடி எங்களைக் கேட்டார்: "இதுக்குப் பால் எங்க கலக்கறது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. முப்பது ஆண்கள் இருந்த அறை. எனக்கும் தெரியவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்து சொன்னார். "மனுவுல, பஸ்ஸுக்கு எவ்ளோ ஆச்சுன்னு கேட்டேன் சார். அழுதுட்டா."

பாதிக்கப்பட்டவர்களை யார் நினைக்கிறார்கள்?

நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கலையால் ஒருவர் மனம் மாறுவது பாதிக்கப்பட்டவருக்கு எந்த விதத்திலும் ஈடாகாது. அவர்களுக்கு வர வேண்டிய நிவாரணம், ஆதரவு, மருத்துவம் எல்லாம் தனியாக, முதலாவதாக வர வேண்டும். எங்கள் வேலையைக் காட்டி அதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. அதனால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருக்கிறோம். யாரையும் வீரனாகக் காட்ட மாட்டோம். யார் முகத்தையும் விளம்பரப்படுத்த மாட்டோம். "திருந்திவிட்டார்" என்று யாருக்கும் சான்றிதழ் கொடுக்க மாட்டோம்.

இதனால் திருந்துகிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் அளவாகத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் சிங் சிங் சிறையில் 1996 முதல் ஒரு நாடகத் திட்டம் நடக்கிறது. அதில் இருந்தவர்கள் சிறைக்குள் விதிமீறிய சம்பவங்கள் குறைந்ததாக ஆய்வு வந்திருக்கிறது. வெளியே வந்தவர்களில் மறுபடி உள்ளே போனவர்கள் மிகக் குறைவு என்றும் அந்தத் திட்டத்தை நடத்தும் அமைப்பு சொல்கிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. நாடகத்துக்குத் தானாக வந்து பெயர் கொடுக்கிறவர் ஏற்கெனவே மாற நினைக்கிறவராக இருக்கலாம் அல்லவா? அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது சரியல்ல.

இன்னொரு சிறையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1957 நவம்பர் 19. அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் முன்னால் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் போட்டார்கள். அதில் பெண் வேடம் இல்லை என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். படித்தவர்களே குழம்பிய நாடகம், இவர்களுக்கு எங்கே புரியும் என்று பயந்துகொண்டுதான் போட்டார்கள். வராத ஒருவனுக்காகக் காத்திருக்கும் கதை அவர்களுக்குப் புரியாமல் போகுமா? ரிக் குளூச்சி என்ற ஆயுள் கைதியைக் கூடத்துக்கே விடவில்லை. அவர் செல்லுக்குள் இருந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டார். பிறகு சிறைக்குள்ளேயே நாடகக் குழு தொடங்கினார், விடுதலையான பின் பெக்கெட்டோடு சேர்ந்தே வேலை செய்தார்.

இத்தாலியில் வோல்டெரா கோட்டைச் சிறையில் அர்மாண்டோ புன்சோ 1988-இல் தொடங்கிய குழு இன்னும் இருக்கிறது. லெபனானில் ரூமியே சிறைக் கைதிகள் 2009-இல் சேய்னா டக்காஷ் என்ற நாடகச் சிகிச்சையாளரின் இயக்கத்தில் நடித்தார்கள்.

இந்தியாவில் எங்கே நடக்கிறது?

மைசூரில் ரங்காயணம் என்ற நாடக அமைப்பிலிருந்து வந்த ஹுலுகப்பா கட்டிமனி பல வருடங்களாகக் கர்நாடகச் சிறைவாசிகளை வைத்து நாடகம் போட்டு வருகிறார். கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் 2007-இல் சிறைக்குள் நடனம் சொல்லித் தரத் தொடங்கி, தாகூரின் 'வால்மீகி பிரதிபா'வை அவர்களை வைத்தே மேடையேற்றினார். கொள்ளைக்காரன் கவிஞனாகும் கதை. அந்தக் குழு வெளியே பொது அரங்குகளிலும் ஆடியது. வால்மீகியாக ஆடிய நைஜல் அக்காரா விடுதலையான பிறகு வங்காளத் திரைப்பட நடிகரானார்.

தமிழ்நாட்டில் தொழில் பக்கம் நல்ல முன்னேற்றம். சிறைவாசிகள் செய்த பண்டங்களை விற்கும் அங்காடி, அவர்களே வேலை செய்யும் பெட்ரோல் பங்க் எல்லாம் புழலில் இருக்கின்றன. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறை நூலகங்களுக்காக 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு வைத்துப் புத்தகம் திரட்டினார்கள். வருடத்துக்கு ஒருநாள் விழா என்றில்லாமல், தொடர்ந்து நடக்கும் நாடகப் பயிற்சியும் ஒவ்வொரு மத்திய சிறையிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

தாராளமாக. உள்ளே போனாலும் ஒருவருடைய அடிப்படை உரிமைகள் முழுதும் வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சுனில் பத்ரா வழக்கில் 1978-இல் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், 1965-இல், பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி என்ற தடுப்புக் காவல் கைதி அணுவைப் பற்றி மராத்தியில் எழுதிய அறிவியல் நூலை வெளியே அனுப்ப மகாராஷ்டிர அரசு மறுத்தது. அனுப்ப விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் ஊர் வழக்கும் ஒன்று உண்டு. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வெளிவரும் முன்பே அப்படித் தடுக்க அதிகாரமில்லை என்று 1994-இல் தீர்ப்பு வந்தது. தனியுரிமை பற்றிப் பேசும் எல்லோரும் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்கள்.

சிறை என்பது மாநில அரசின் பொறுப்பு. 2016 மாதிரிச் சிறைக் கையேடு கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளையும் சீர்திருத்த வேலையாகவே வைத்திருக்கிறது. நடைமுறையில் அனுமதி துறைத் தலைமையிலிருந்து வர வேண்டும், அதற்கப்புறம் அந்தந்தச் சிறையின் கண்காணிப்பாளர் மனது வைக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி முதலிலிருந்து.

மேக்கப், உடை, பொருள் எல்லாம் எப்படி உள்ளே போகும்?

பாதி போகாது. கயிறு, கண்ணாடி, கம்பி, ஊக்கு, கம்பு எதுவும் கூடாது. ஒட்டுமீசைக்கான பசையில் ஸ்பிரிட் இருப்பதால் அதுவும் கூடாது. மீசையை மையால் வரைகிறோம். கிரீடம் அட்டையில், கதாயுதம் பழைய துணியைச் சுருட்டி. போர்வைதான் திரை.

கண்ணாடி இல்லாததால் யாரும் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூச முடியாது. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் பூச வேண்டும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே பிளாக்கில் ஜென்ம விரோதிகள் போல இருந்த இரண்டு பேர். ஒருவர் தாடையை லேசாகப் பிடித்துத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, புருவத்தை வரைகிறார். மற்றவர் இப்போது நிஜமாகவே கண்ணை மூடியிருக்கிறார்.

பெண்கள் சிறையில்?

அங்கே எங்கள் குழுவிலிருந்து பெண்கள் மட்டும் போகிறார்கள். ஆறு வயது வரை குழந்தைகள் தாயோடு இருக்கலாம் என்பதால் ஒத்திகைக்குள் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்கள் பக்கம் மனு பார்க்கக் கூட்டம் வரும். பெண்களைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு, பலரை வீடே கைகழுவிவிட்டது. அதனால் அங்கே பாட்டுதான் முதலில் வருகிறது. அம்மா செத்த சேதி இரண்டு வாரம் கழித்துத் தெரிந்த ஒருவர், ஒத்திகையில் அம்மாவுக்கு ஒப்பாரி வைத்தார். மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து கூடப் பாடினார்கள். அது நாடகத்தில் சேரவில்லை, சேர்க்கவும் கூடாது என்று எங்கள் குழுவிலிருந்து அங்கே போகும் அக்கா சொல்லிவிட்டார்.

சிறுவர்களோடு வேலை செய்கிறீர்களா?

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிறை கிடையாது, கெல்லீஸில் இருப்பது போன்ற கூர்நோக்கு இல்லங்கள்தான். அது தனிச் சட்டம், தனிப் பயிற்சி. அவர்களை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. நாங்கள் அந்த வேலையில் இன்னும் இறங்கவில்லை.

வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது?

எல்லாம் உடையும் இடம் இதுதான். உள்ளே ராஜாவாக நின்று கைதட்டல் வாங்கியவர் வெளியே வந்து மூன்று மாதம் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார். ஏரியாவில் எது நடந்தாலும் போலீஸ்காரர்கள் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பழைய கூட்டாளிகள் மட்டும் தேடி வந்து பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார்கள். நாடகம் இவருக்குச் சம்பளம் தராது.

எங்களால் ஆனது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்கிறோம், வந்தால் அன்றைய கூலிக்குச் சமமாக ஒரு தொகை கொடுக்கிறோம். தினக்கூலிக்குப் போகிறவரை இலவசமாக வந்து நடி என்று கேட்பது நியாயமில்லை. வந்தவர்களில் சிலர் இன்னும் வருகிறார்கள். ஒருவர் மேடை விளக்கு வேலை கற்றுக்கொண்டு அதிலேயே பிழைக்கிறார். ஒருவர் மறுபடி உள்ளே போய்விட்டார். அவரைப் பார்க்க மனு போட்டுப் போனபோது முதலில் கண்ணை நிமிர்த்தவில்லை. போகும்போது, "வியாழக்கிழமை க்ளாஸ் இப்பவும் உண்டா?" என்று கேட்டார்.

எங்கள் கல்லூரி, எங்கள் நிறுவனம் சார்பாக ஒரு நாள் வந்து நிகழ்ச்சி நடத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை ஒரு நிறுவனம் டி-ஷர்ட், பேனர், கேமராவோடு வந்தது. காலையில் பாட்டு, மதியம் பிரியாணி, குழுவாகப் படம். போய்விட்டார்கள். "அடுத்த வாரம் வருவாங்களா?" என்று ஒரு மாதம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இந்தத் தவறைச் செய்திருக்கிறோம். ஒரு வருடம் பணம் தீர்ந்து, சொல்லாமலே நின்றுவிட்டோம். மூன்று வியாழக்கிழமை குளித்து, சட்டையை நீவிப் போட்டுக்கொண்டு அந்தக் கூடத்தில் வந்து காத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. குறைந்தது ஆறு மாதம், வாரம் ஒரு நாள் வர முடியும் என்றால் மட்டும் பேசுங்கள்.

என் தம்பி உள்ளே இருக்கிறான். அவன் சேர நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பணமும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். உள்ளே நல அலுவலர் இருப்பார். இப்படி ஏதாவது பயிற்சி நடக்கிறதா என்று தம்பியே அவரிடம் கேட்டுப் பெயர் கொடுக்கலாம். இதனால் ஜாமீன் சீக்கிரம் கிடைக்கும், தண்டனை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மனுவுக்குப் போகும்போது அவனிடம் நாடகத்தைப் பற்றிக் கேளுங்கள். என்ன வேடம், என்ன வசனம், யார் கூட நடிக்கிறார் என்று. வழக்கு, வக்கீல், பணம் தவிர வேறு பேச்சே இல்லாமல் போய்விட்ட குடும்பங்கள் நிறைய. நாடகத்தன்று குடும்பத்தை உள்ளே விடுவது அந்தந்தச் சிறையைப் பொறுத்தது. ஒருமுறை விட்டார்கள். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகன் பீமன் வேடத்தில் முகம் முழுக்கச் சிவப்பு பூசி நின்றதில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்: "எம் புள்ள எப்ப வருவான்?" அவன் வாயைத் திறந்து முதல் வசனத்தைச் சொன்னதும் குரலை வைத்துக் கண்டுபிடித்து, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாடகம் முடியும் வரை விடவே இல்லை.